பியானோவைக் காணோம், வீணை கீச்சுங்குது: ஒரு ரிசப்ஷன் கச்சேரியில ப்ரீஆம்ப் கனெக்‌ஷனும் லெவலும்

கும்பகோணம் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷனுக்கு வாத்தியக் கச்சேரி. பாட்டு கிடையாது. வீணை, கீபோர்ட், ஆக்டோபேட் (குச்சியால அடிச்சு வாசிக்கிற எலக்ட்ரானிக் பேட்), பேஸ் கிட்டார், எலக்ட்ரானிக் தம்பூரா, கூட ஒரு கடம். கடத்தைத் தவிர மத்த எல்லாமே ஒயர் மாட்டி ஓடுறது. சவுண்ட் செக் பாதியில நிக்குது, வந்து பாருங்கன்னு குழுவுல இருந்து கூப்பிட்டாங்க, போனேன். போனதும் ஆளாளுக்கு சொன்னது ஒரே வார்த்தைதான், "லெவல் சரியில்ல". ஆனா ஒவ்வொரு சேனலா பிரிச்சுப் பாத்தப்போ அதுல பாதிக்கு மேல லெவல் பிரச்சனையே கிடையாது, எந்த அவுட்புட்டை எந்த கேபிள்ல எந்த இன்புட்ல சொருகியிருக்காங்கங்கறதுதான் பிரச்சனை. மேடை சவுண்ட்ல இது திரும்பத் திரும்ப நடக்குற விஷயம்ங்கறதால முழுசா எழுதி வைக்கிறேன்.

ப்ரீஆம்ப், அதாவது சின்ன சிக்னலை மிக்சருக்கு வேண்டிய அளவுக்கு ஏத்துற பெட்டி, இங்க எதுக்கு வந்துச்சுன்னு முதல்ல சொல்லிடறேன். மண்டபத்து மிக்சர் 12 சேனல்னு பேரு, ஆனா அதுல மைக் இன்புட் இருக்கறது நாலே நாலு, மிச்ச எட்டும் நாலு ஜோடி ஸ்டீரியோ லைன் இன்புட், அதாவது ஏற்கனவே ஏத்தின சிக்னலை வாங்குறது. சின்ன மிக்சர் நிறைய இப்படித்தான் வருது. அதனால குழுக்காரங்க தனியா ஒரு 8 சேனல் ப்ரீஆம்ப் ரேக் வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்காங்க. வாத்தியம் எல்லாம் ப்ரீஆம்ப்ல ஏறி, அங்க இருந்து லைன் அவுட்டா மிக்சருக்குப் போகணும். யோசனை ரொம்ப சரி. அந்த ரேக்ல முன் பக்கம் முதல் ரெண்டு சேனல்ல மட்டும் ஹை இம்பிடன்ஸ் பட்டன் (இம்பிடன்ஸ்னா வர்ற சிக்னலுக்கு இன்புட் காட்டுற எதிர்ப்பு), ஒவ்வொரு சேனல்லயும் கேனனும் (மூணு பின் எக்ஸ்எல்ஆர்) பி-38ம் (கால் இஞ்ச் ஜாக்) ஒரே ஓட்டைல சொருகுற காம்போ சாக்கெட், கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியாவே கரண்ட் கொடுக்குற 48 வோல்ட் ஃபேன்டம் பவருக்கு 1ல இருந்து 4க்கு ஒரு சுவிட்ச், 5ல இருந்து 8க்கு ஒரு சுவிட்ச்.

நான் பாத்தப்போ நிலைமை இதுதான். வீணை கீச்சுன்னு மேல்பக்கம் மட்டும் கேக்குது, மந்தரத்துல அடியே இல்ல. கீபோர்ட்ல ஸ்ட்ரிங்ஸ் நல்லா வருது, பியானோ டோன் வச்சா எங்கயோ தூரத்துல இருந்து வர்ற மாதிரி, எலக்ட்ரிக் பியானோ வச்சா சுத்தமா காணோம். பேட் எப்படி வச்சாலும் கரகரன்னு உடையுது. தம்பூராவோட சத்தத்தை விட அதோட ஹம், அதாவது கரண்ட் உறுமல், பெருசா இருக்கு. பேஸ் மட்டும் பரவாயில்லைன்னு சொன்னாங்க, கேட்டா அதுவும் கொஞ்சம் மங்கல்தான்.

வீணைல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதுல விஷயம் நிறைய. வீணை வாசிக்கிற அம்மா குதிரைக்குப் பக்கத்துல குடத்துப் பலகை மேல ஒரு பீசோ டிஸ்க் ஒட்டியிருந்தாங்க, காண்டாக்ட் மைக்னு சொல்றது அதுதான். ஒரு ரூபாய் காசை விடக் கொஞ்சம் பெருசா பித்தளைத் தகடு, நடுவுல வெள்ளையா செராமிக். அதுல இருந்து வர்ற ஒயர் பி-38 ஜாக்ல முடிஞ்சு நேரா ப்ரீஆம்ப்ல ரெண்டாவது சேனல் லைன் இன்புட்ல. ஹை இம்பிடன்ஸ் பட்டன் அமுக்கல. "எப்பவும் இப்படித்தான் மாட்டுவோம் தம்பி, ஒவ்வொரு ஊர்ல நல்லா வரும், ஒவ்வொரு ஊர்ல இப்படி ஆயிடும்"னாங்க அம்மா. ஊரைப் பொறுத்து மாறுறதுக்குக் காரணம் அந்தந்த ஊர் மிக்சரோட இன்புட் இம்பிடன்ஸ்தான்.

பீசோ டிஸ்க்ங்கறது எலக்ட்ரிகலா பாத்தா ஒரு கெப்பாசிட்டர். 27 மில்லிமீட்டர் டிஸ்க்னா சுமாரா 20 நானோஃபேரட். அதைக் கொண்டு போய் ஒரு இன்புட்ல மாட்டினா அந்த கெப்பாசிட்டரும் இன்புட் இம்பிடன்ஸும் சேந்து ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (மேல்பக்கத்தை விட்டு அடியை வெட்டுறது) ஆயிடும், நாம கேட்டாலும் கேக்காட்டியும். லைன் இன்புட் 10 கிலோ ஓம்னு வைங்க, 20 நானோஃபேரட்டோட கணக்குப் போட்டா வெட்டு 800 ஹெர்ட்ஸ் பக்கத்துல விழுது. அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 6 டெசிபல் (டிபி) வீதம் சரிஞ்சுட்டே போகும். இப்ப வீணையைப் பாருங்க, 3 கட்டைல சுருதி வச்சிருந்தாங்க, சாரணித் தந்தி ஷட்ஜம் 165 ஹெர்ட்ஸ், மந்தரம் 82, அனுமந்தரப் பஞ்சமம் 62க்குக் கிட்ட. அப்படின்னா சாரணியோட அடிஸ்வரமே 14 டிபி குறைஞ்சு வருது, மந்தரத் தந்தி 20 டிபி குறைஞ்சு வருது. 20 டிபின்னா வோல்டேஜ்ல பத்துல ஒரு பங்கு. மிச்சம் கேக்கறது மேல் ஓவர்டோன்களும், நகம் தந்தியில படுற சத்தமும்தான். அதைத்தான் எல்லாரும் கீச்சுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. மைக் செட்காரர் பாவம் மிக்சர்ல பேஸ் ஈக்யூவை முழுசா ஏத்தி, ட்ரெபிளை முழுசா இறக்கி வச்சிருந்தார், சின்ன மிக்சர்ல அந்த குமிழ் ப்ளஸ் 15 டிபி வரைக்கும்தான் போகும், அதுவும் எந்த ஃப்ரீக்வன்ஸில குறைஞ்சுதோ அங்க ஏத்தாது, கூடவே ஹம்மையும் சேத்து ஏத்தும்.

அதே ஜாக்கை முதல் சேனலுக்கு மாத்தி ஹை இம்பிடன்ஸ் பட்டனை அமுக்கினதும் இன்புட் 1 மெகா ஓம். வெட்டு 8 ஹெர்ட்ஸ்க்குப் போயிடுச்சு, அதாவது வீணைக்கு வெட்டே இல்லாத மாதிரி. ஈக்யூ ரெண்டையும் நடுவுல வச்சுட்டு மந்தரத்தை மீட்டச் சொன்னேன். குடத்தோட முழு நாதமும் வந்துச்சு. அம்மா மீட்டுறதை நிறுத்திட்டு திரும்பிப் பாத்தாங்க. மேடை வீணைல எல்லாரும் கேக்க வேண்டிய சத்தம் இது, ஒரு பட்டன் அமுக்காததால ஊர் ஊரா கெட்டுப் போகுதுன்னு நினைச்சா எனக்கு மனசு ஆறல.

இங்க ஒண்ணு கவனிக்கணும். எல்லா பீசோவுக்கும் 1 மெகா ஓம் போதும்னு நினைச்சுடாதீங்க. அக்கூஸ்டிக் கிட்டார்ல சேடில் அடியில பட்டையா வைக்கிற பீசோ சிலது 1 நானோஃபேரட் அளவுதான் இருக்கும், அதுக்கு 1 மெகா ஓம்லயும் வெட்டு 160 ஹெர்ட்ஸ் ஆயிடும். அதுக்கு 10 மெகா ஓம் இன்புட் இருக்குற தனி பீசோ ப்ரீஆம்ப் வேணும். காந்த பிக்கப் வேற ஜாதி. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கர்நாடக மேடையில எலக்ட்ரிக் மாண்டலினை நிலைநிறுத்தினார் இல்லையா, அந்த மாதிரி வாத்தியத்துல இருக்கறது காயில் சுத்தின பிக்கப். அதைக் குறைஞ்ச இம்பிடன்ஸ்ல மாட்டினா அடி போகாது, மேல்பக்கம் போயிடும், சத்தம் மங்கும். அன்னைக்கு பேஸ் கிட்டார்ல இருந்த மங்கல் இதேதான். பாசிவ் பேஸ், லைன் இன்புட்ல. அதை ரெண்டாவது சேனலுக்குக் கொண்டு வந்து ஹை இம்பிடன்ஸ் பட்டன் அமுக்கினதோட அந்த வேலை முடிஞ்சுது.

ஹை இம்பிடன்ஸ் இன்புட்டுக்குப் போற ஒயர் பேலன்ஸ்டு (ஒரே சிக்னலை நேரா ஒண்ணு, எதிரா ஒண்ணுன்னு ரெண்டு ஒயர்ல அனுப்பி ஹம்மைக் கழிக்கிறது) கிடையாது, நீளமா இழுத்தா வழியில இருக்குற ஹம்மை எல்லாம் வாங்கிட்டு வரும், காந்த பிக்கப்னா கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் மேல்பக்கத்தையும் சாப்பிடும், மீட்டருக்கு 100 பிகோஃபேரட்னு தோராயமா வச்சுக்கலாம். அதனால ப்ரீஆம்ப் ரேக்கை மிக்சர் பக்கத்துல இருந்து எடுத்து மேடைல வீணைக்கும் பேஸுக்கும் நடுவுல வச்சோம். வாத்தியத்துல இருந்து ரேக்குக்கு 3 மீட்டர் ஒயர், ரேக்ல இருந்து ஹால் கடைசில இருக்குற மிக்சருக்கு நீளமான பேலன்ஸ்டு கேபிள். அதுக்கு முன்னாடி நேர் எதிரா இருந்துச்சு, வாத்தியத்து ஒயர் எல்லாம் எக்ஸ்டென்ஷன் போட்டு ஹால் முழுக்க ஓடுச்சு.

இப்ப கீபோர்ட். "அண்ணே, பியானோ வைக்கிறேன் சவுண்டே வரல, ஸ்ட்ரிங்ஸ் வச்சா வருது, கீபோர்ட் போயிடுச்சா"ன்னு கீபோர்ட் வாசிக்கிற தம்பிக்கு பயம். ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டா எல்லாம் நல்லா கேக்குது. கேபிளைப் பின்னாடி தொட்டுக்கிட்டே போனேன். ஒரு முனை கீபோர்டோட ஹெட்ஃபோன் ஓட்டைல, ஸ்டீரியோ பி-38, ஜாக்ல ரெண்டு கறுப்பு வளையம் தெரியுது. இன்னொரு முனை கேனன், ப்ரீஆம்ப்ல மூணாவது சேனல்ல.

காரணம் அந்த கேபிள்லயே இருக்கு. ஹெட்ஃபோன் ஜாக்ல முனை இடது பக்கம், நடு வளையம் வலது பக்கம், அடி பொது. பேலன்ஸ்டு கேனன்ல ரெண்டாவது பின் நேர், மூணாவது பின் எதிர், ஒண்ணாவது ஷீல்டு. அப்ப இந்த கேபிள் இடதை நேர்லயும் வலதை எதிர்லயும் கொடுக்குது. பேலன்ஸ்டு இன்புட் செய்யுற வேலையே ரெண்டோட வித்தியாசத்தை மட்டும் எடுக்கறது, ஹம் ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி வரும், அதைக் கழிச்சுத் தள்ளணும்ங்கறதுக்காக. இங்க கழிஞ்சு போனது ஹம் இல்ல, சங்கீதம். இடதுலயும் வலதுலயும் ஒரே மாதிரி இருக்குறது எல்லாம் அழிஞ்சுடும். எலக்ட்ரிக் பியானோ டோன் மோனோ, அதனால மொத்தமா காலி. பியானோ சாம்பிள் ஸ்டீரியோ, நடுவுல இருக்குறது போய் ஓரத்துல இருக்குறது மட்டும் மிஞ்சுது, அதான் தூரத்துச் சத்தம். ஸ்ட்ரிங்ஸ்ல கோரஸும் ரிவெர்பும் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கும், அதனால அது தப்பிச்சுது. இந்த அறிகுறியை அப்படியே மனசுல வச்சுக்கங்க: எஃபெக்ட் இருக்குற டோன் கேக்குது, எஃபெக்ட் இல்லாத டோன் காணோம்னா, கீபோர்டைத் திறக்க வேணாம், கேபிள்ல ரெண்டு வளையம் இருக்கான்னு பாருங்க.

அதே கேபிள்ல இன்னொரு ஆபத்தும் ஓடிட்டு இருந்துச்சு. கடத்துக்கு வச்சிருந்தது கண்டென்சர் மைக், அது நாலாவது சேனல்ல, அதுக்காக 1-4 ஃபேன்டம் சுவிட்ச் ஆன். அப்ப மூணாவது சேனல் கேனன் வழியா 48 வோல்ட் கீபோர்டோட ஹெட்ஃபோன் அவுட்டுக்குப் போயிட்டே இருக்கு. ரெண்டு பின்லயும் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாத்தான் வரும், முழுசா ஷார்ட் ஆனாலும் ஒரு பின்னுக்கு 7 மில்லிஆம்பியர்தான், உடனே புகை வராது. ஆனா அந்த அவுட்புட் சர்க்யூட் வெளியே சிக்னல் அனுப்ப செஞ்சது, வெளியே இருந்து டிசியை வாங்க செஞ்சது இல்ல. தம்பி ஜாக்கை சொருகும்போதெல்லாம் ஸ்பீக்கர்ல 'டப்'புன்னு இடி மாதிரி வந்ததுக்கும் இதுதான் காரணம்.

முதல்ல ஃபேன்டத்தை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, கேபிளைக் கழட்டினோம். கடம் மைக்கை அஞ்சாவது சேனலுக்கு மாத்தி 5-8 சுவிட்சை மட்டும் போட்டோம். கீபோர்டுக்குப் பின்னாடி தனியா லெஃப்ட்/மோனோ, ரைட்னு ரெண்டு லைன் அவுட் இருந்துச்சு, யாரும் அதைத் தொடவே இல்ல. ரெண்டுலயும் சாதாரண மோனோ பி-38 கேபிள், அங்க இருந்து ரெண்டு சேனல் பாசிவ் டிஐ பாக்ஸ் (வாத்தியத்து சிக்னலை ட்ரான்ஸ்ஃபார்மர் வழியா பேலன்ஸ்டா மாத்துற பெட்டி), அதுல இருந்து கேனன் கேனன் கேபிள்ல மூணாவது நாலாவது சேனல். டிஐ கைல இல்லைன்னா இடது பக்கத்துல மட்டும் ஒரு மோனோ கேபிள் மாட்டினாலே போதும், மோனோன்னு எழுதியிருக்குற ஓட்டைல மட்டும் ஜாக் இருந்தா கீபோர்டே ரெண்டையும் கூட்டி ஒண்ணா கொடுத்துடும்.

சின்ன கீபோர்ட் நிறையதுல லைன் அவுட்டே இருக்காது, ஹெட்ஃபோன் ஓட்டைதான் அவுட்புட்டும். அதுக்கு ஒரு பக்கம் ஸ்டீரியோ பி-38, மறுபக்கம் ரெண்டு மோனோ பி-38 இருக்குற ஒய் கேபிள் வாங்கிக்கங்க. ஹெட்ஃபோன் ஓட்டைல மோனோ ஜாக்கை அப்படியே சொருகறதும் நல்லதில்ல, அது வலது பக்க அவுட்புட்டை அடியோட சேத்து ஷார்ட் பண்ணும்.

தம்பூரா கதையும் இதோட தங்கச்சிதான். ஹெட்ஃபோன் அவுட்ல ஸ்டீரியோ ஈபி பின் (3.5 மில்லிமீட்டர் சின்ன ஜாக்), மறுமுனை கேனன். தம்பூரால ரெண்டு பக்கமும் ஒரே சிக்னல், அதனால கிட்டத்தட்ட முழுசா கழிஞ்சு போச்சு. சத்தம் வரலைன்னு மைக் செட்காரர் கெயினை (ப்ரீஆம்ப் சிக்னலை ஏத்துற அளவு) கடைசி வரைக்கும் திருப்பியிருக்கார், அந்தக் கெயின்ல தம்பூராவோட ரெண்டு பின் அடாப்டர்ல இருந்து கசியற ஹம்தான் பெருசா எழுந்து வந்துச்சு. பெட்டில இருக்குற ஸ்க்ரூ மேல விரலை வச்சா ஹம் மாறுது, லேசா ஜிவ்வுன்னும் இருக்கு. அடாப்டரைக் கழட்டி பேட்டரில ஓட்டிப் பாத்தேன், ஹம் நின்னுச்சு, அப்ப வழி அதுதான்னு உறுதி. ஈபி ஸ்டீரியோவுல இருந்து ரெண்டு மோனோவாப் பிரியற ஒய் கேபிள் போட்டு, அதுல ஒரு கால் மட்டும் எடுத்து, ஒரு சேனல் பாசிவ் டிஐ வழியா ஏழாவது சேனலுக்குக் கொடுத்தோம். 5-8ல ஃபேன்டம் ஓடுது, ஆனா பாசிவ் டிஐ-ல ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கறதால அந்த 48 வோல்ட் தம்பூரா பக்கம் தாண்டாது. கச்சேரியை பேட்டரிலயே ஓட்டினாங்க.

ஹம் பத்திப் பேசும்போது இதைச் சொல்லாம விட முடியாது. மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னைக் கழட்டிட்டா ஹம் போயிடும்னு மேடைல சில பேர் செய்யறாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. பேஸ் கிட்டார் மாதிரி வாத்தியம் வாசிக்குறவங்க கை இரும்புத் தந்தி மேல இருக்கு, அந்தத் தந்தி ஒயர் வழியா எல்லாத்தோட கிரவுண்டோடயும் சேந்திருக்கு, எங்கயோ ஒரு இன்சுலேஷன் போனா 230 வோல்ட் அவங்க உடம்பு வழியாத்தான் போகும். லிஃப்ட் பண்ண, அதாவது பிரிச்சு விட வேண்டியது சிக்னல் கேபிளோட ஷீல்டை, டிஐ பாக்ஸ்ல இருக்குற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் அதுக்குத்தான். கரண்ட் எர்த் எப்பவும் மாட்டினபடியே இருக்கணும். கூடவே மேடைக்கும் மிக்சருக்கும் கரண்ட் ஒரே பாயிண்ட்ல இருந்து எடுத்தோம், முன்னாடி மேடை ஒரு ஃபேஸ்லயும் மிக்சர் சாப்பாட்டு ஹால் பக்கத்து இன்னொரு ஃபேஸ்லயும் இருந்துச்சு.

பேட். இதுல பிரச்சனை ரெண்டு இடத்துல இருந்துச்சு. முதல் இடம், பேட் அவுட்புட் லைன் லெவல், அதை பி-38ல இருந்து கேனனா மாத்துற கேபிள் வச்சு மைக் ஸ்டேஜ்ல கொடுத்திருந்தாங்க. மைக் ஸ்டேஜ் மில்லிவோல்ட்ல வர்றதை ஏத்தறதுக்கு இருக்கு, கெயினைக் குறைஞ்ச இடத்துல வச்சாலும் 10 டிபி பக்கம் ஏத்திட்டேதான் இருக்கும், பேட் அண்ணன் கிக்கை ஓங்கி அடிச்சா ஒரு வோல்ட்டுக்கு மேல வருது. முதல் ஸ்டேஜ்லயே உடைஞ்சுடுது. அதுக்கப்புறம் மிக்சர்ல ஃபேடரை இறக்கி என்ன செய்ய, பொங்கி வழிஞ்ச பாலை அடுப்பைக் குறைச்சுத் திரும்ப எடுக்க முடியாது. உடைஞ்ச சத்தமே சின்னதா கேக்கும், அவ்ளோதான். அதே காம்போ சாக்கெட்ல ஆறாவது சேனல்ல நேரா பி-38 கேபிளை சொருகினதும் அது லைன் வழியா போச்சு, ஃபேன்டமும் இந்த ரேக்ல கேனன் பின்னுக்கு மட்டும்தான் போகுது, பி-38க்குப் போறதில்ல. லைன் வழி இல்லாத ப்ரீஆம்பா இருந்தா மைனஸ் 20 டிபி பட்டனை அமுக்கணும்.

ரெண்டாவது இடத்தைக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் நேரம் ஆச்சு. ப்ரீஆம்ப்ல சிவப்பு லைட் எரியல, ஆனா வீணையும் கீபோர்டும் ஓங்கி வாசிச்சா உடையுது. ரேக்ல இருந்து போற முதல் நாலு அவுட்டை மிக்சர்ல நாலு கேனன் மைக் இன்புட்ல சொருகியிருந்தாங்க, கேனன் இருக்கு கேனன் ஓட்டை இருக்குன்னு. ப்ரீஆம்ப் ஏற்கனவே லைன் லெவலுக்கு ஏத்தி அனுப்புது, ப்ளஸ் 4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட், உச்சத்துல இன்னும் 15 டிபி மேல. அதை மறுபடி ஒரு மைக் ஸ்டேஜ் வாங்கி ஏத்துது. மைக் செட்காரர் அதைச் சமாளிக்க ப்ரீஆம்ப் கெயினைக் கீழ இறக்கியிருந்தார், அப்ப முதல் ஸ்டேஜ்ல சிக்னல் சின்னது, ரெண்டாவது ஸ்டேஜ்ல அதோட இரைச்சலும் சேந்து ஏறுது, ஹால் அமைதியா இருக்கும்போது 'ஸ்ஸ்'ன்னு கேக்கறது அதுதான். அந்த நாலு சேனல்லயும் கேனனுக்குப் பக்கத்துலயே பி-38 லைன் இன்புட் இருந்துச்சு. கேனன்ல இருந்து ஸ்டீரியோ பி-38க்கு வர்ற பேலன்ஸ்டு கேபிள் நாலு எடுத்து அதுல மாத்தினோம். இங்க ரெண்டு வளையம் இருக்குற ஜாக்தான் சரி, ஏன்னா இங்க வர்றது நிஜமாவே பேலன்ஸ்டு சிக்னல். இரைச்சல் அப்பவே பாதிக்கு மேல போயிடுச்சு.

இவ்ளோக்கு அப்புறம்தான் கெயின் குமிழைத் தொட்டேன். லெவல் வைக்கறது வாத்தியத்துல இருந்து ஆரம்பிக்கணும். கீபோர்ட் தம்பி வால்யூமைக் கால்வாசில வச்சிருந்தார், ஸ்பீக்கர் உடையுதுன்னு பயந்து. ஆர்கன் டோன்ல நடு ஸ்தாயி 'ஏ' கட்டையை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, அது 440 ஹெர்ட்ஸ், சாதாரண மல்டிமீட்டர் ஏசில கிட்டத்தட்ட சரியா காட்டும், ஜாக்கோட முனைக்கும் அடிக்கும் நடுவுல வச்சுப் பாத்தேன். 0.1 வோல்ட். வால்யூமை முக்காலுக்கு மேல ஏத்தினா 1 வோல்ட் பக்கம். டிஐ பாக்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மர் 12க்கு 1, அதனால ப்ரீஆம்புக்கு வர்றது ஒண்ணு 8 மில்லிவோல்ட், இல்ல 83 மில்லிவோல்ட். முதல் கணக்குக்கு ப்ளஸ் 4க்கு வர 43 டிபி கெயின் வேணும், ரெண்டாவதுக்கு 23 போதும். ஒயர்ல வர்ற ஹம்மும் ப்ரீஆம்போட இரைச்சலும் ரெண்டு கணக்குலயும் அதே அளவுதான், அதை 20 டிபி கூடுதலா ஏத்தறதா வேணாமாங்கறதுதான் கேள்வி. வாத்தியத்து வால்யூம் முக்காலுக்கு மேல, ஏத்தறது இறக்கறது எல்லாம் பின்னாடி.

கீபோர்ட்ல ஒரு டோன் வச்சு கெயின் வச்சா ஏமாந்துடுவோம். தம்பி அன்னைக்கு வாசிக்கப் போற டோன் வரிசையை எடுத்து ஒவ்வொண்ணா ரெண்டு கையாலயும் கார்டு அமுக்கச் சொன்னேன். ப்ராஸ் டோன் பியானோவை விடப் பல மடங்கு சத்தம். ப்ராஸ் உச்சத்துக்கு கெயின் வச்சுட்டு, பியானோவை ப்ரீஆம்ப்ல ஏத்தாம கீபோர்டுக்குள்ளயே அந்த டோனோட வால்யூமை ஏத்தி சேமிச்சு வைக்கச் சொன்னேன். பேட்லயும் இதே மாதிரி கிட் கிட்டா போனோம். எலக்ட்ரானிக் பேட்ல நல்ல விஷயம் என்னன்னா அதுக்கு ஒரு கூரை உண்டு, வெலாசிட்டி 127க்கு மேல கிடையாது, அதனால பேட்டோட வால்யூம் குமிழை நிப்பாட்டி வச்சுட்டு கிக்கையும் க்ராஷையும் சேத்து முழு பலத்துல ஒரு தடவை அடிச்சாலே அன்னைக்கு வரப் போற உச்சம் அதுதான்னு தெரிஞ்சுடும். தோல் மிருதங்கத்துலயோ கடத்துலயோ அந்த வசதி இல்ல. சவுண்ட் செக்ல மெதுவா தட்டிட்டு கூட்டம் வந்ததும் கை தானா ஓங்கும், அதனால கடத்துக்கும் வீணைக்கும் நான் இன்னும் 6 டிபி இடம் விட்டு வச்சேன்.

இந்த ரேக்ல மீட்டர் கிடையாது, சேனலுக்கு ஒரு பச்சை ஒரு சிவப்பு லைட்டுதான். அதனால வச்ச விதம் இது: மிக்சர் ம்யூட், ஃபேடர் 0ல. உச்சமா வாசிக்கச் சொல்லி சிவப்பு ஒரு தடவை மின்னுற வரைக்கும் கெயினை ஏத்தி, அங்க இருந்து 10 டிபி இறக்கிடறது. அப்புறம் மிக்சர்ல பிஎஃப்எல் பட்டனை (ஃபேடருக்கு முன்னாடி இருக்குற லெவலைக் காட்டுறது) அமுக்கி மீட்டர்ல சராசரி 0 பக்கத்துல நிக்குதான்னு பாக்கறது. சரியா வந்தா குமிழ் பக்கத்துல மாஸ்கிங் டேப் ஒட்டி கோடு போட்டு, அதோட அந்தக் குமிழை மறந்துடணும். கச்சேரி நடுவுல "மானிட்டர்ல வீணை கொஞ்சம் ஏத்துங்க"ன்னு கேட்டாங்க, மைக் செட்காரர் கை கெயினுக்குப் போச்சு, பிடிச்சு நிறுத்தி ஆக்ஸ் குமிழைக் காட்டினேன், மேடைல வாசிக்கிறவங்களுக்கு வச்ச மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போற அளவை மட்டும் மாத்துறது அதுதான். கெயினைத் தொட்டா ஹால், மானிட்டர், ரெக்கார்டிங் மூணுமே ஒண்ணா மாறும்.

வீணைக்கு அடி திரும்பி வந்ததுல ஒரு புதுத் தலைவலி, மானிட்டர் பக்கத்துல குடம் ரீங்காரம் போட ஆரம்பிச்சுது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதை வெட்டுற லோகட் பட்டனை அமுக்கலாம்னு மைக் செட்காரர் சொன்னார். மந்தரத் தந்தியே 82ல இருக்கு, அனுமந்தரம் அதுக்கும் கீழ, கஷ்டப்பட்டுக் கொண்டு வந்ததை வெட்டித் தள்ள எனக்கு மனசில்ல. மானிட்டரை அம்மாவோட பின் பக்கத்துல இருந்து எடுத்து முன்னாடி வலது பக்கம் திருப்பி வச்சு, பேஸ் கிட்டாரை மானிட்டர்ல இருந்து எடுத்துட்டு, சிக்னலை நேர் எதிரா திருப்புற பொலாரிட்டி பட்டனை மாத்திப் பாத்தோம், ரெண்டுல ஒரு பக்கம் ரீங்காரம் தெளிவா குறைஞ்சுது, அப்படியே விட்டோம்.

ரெக்கார்டருக்கு மிக்சரோட ரெக் அவுட்ல இருந்து கொடுத்தோம். அந்த ஆர்சிஏ ஓட்டை மைனஸ் 10 டிபிவி, 0.316 வோல்ட், ப்ளஸ் 4ஐ விட 12 டிபி கீழ. ரெக்கார்டர்ல சராசரி மைனஸ் 18 பக்கமும் உச்சம் மைனஸ் 6ஐத் தாண்டாமலும் வச்சோம். டிஜிட்டல்ல 0க்கு மேல ஒண்ணும் கிடையாது, அப்படியே தட்டையா வெட்டிடும்.

எட்டு மணி வாக்குல கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துச்சு. மைக் செட்காரர் ஃபேடரை இறக்கறதுக்குள்ள ஒரு 'டொப்', அப்புறம் எல்லாம் ஓடிச்சு, ஆனா பேஸ் சேனல்ல மட்டும் புதுசா ஒரு கரகரப்பு, 50 ஹெர்ட்ஸ் ஹம் மாதிரி உருண்டையா இல்ல, கூர்மையா. பேஸ் வாசிக்கிறவர் உக்காந்த இடத்துலயே கொஞ்சம் திரும்பினா கூடுது, குறையுது. அப்படின்னா அது ஒயர்ல வர்றது இல்ல, பிக்கப் காயில் காத்துல இருந்து வாங்குறது, மேடைக்குப் பின்னாடி தொங்கவிட்ட சீரியல் செட்டோட கன்ட்ரோலர் அவருக்கு ரெண்டடி தள்ளி இருந்துச்சு. அந்தப் பெட்டியை ஓரமா நகத்தி, அவர் நாற்காலியையும் கொஞ்சம் திருப்பி வச்சதுல பாதி போச்சு. மீதியை அப்படியே வச்சுக்கிட்டுத்தான் மங்களம் வரைக்கும் ஓட்டினோம், அடுத்த கச்சேரிக்கு ஹம்பக்கர் பிக்கப் (ரெண்டு காயில் சேந்து ஹம்மைக் கழிக்கிறது) இருக்குற பேஸ் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.